இதயச் செயலிழப்புக்கு எந்தப் பேஸ்மேக்கர் முறை ஏற்றது?

இரு கீழறைகளையும் தூண்டும் பேஸ்மேக்கர் நல்லதா, இடது கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டு செல்லும் இதயத்தின் சொந்த இழையான இடது கற்றைக் கிளையைத் தூண்டும் புதிய முறை நல்லதா என்பது கேள்வி. வலது கீழறையை மட்டும் இடைவிடாமல் தூண்டினால் இடது கீழறை தாமதமாகச் சுருங்கி, ஏற்கெனவே தளர்ந்த இதயம் மேலும் தளரக்கூடும் என்பதால், அடிக்கடி தூண்டல் தேவைப்படுவோருக்கு அதைக் கூடியவரை தவிர்ப்பதே சரி.

இரு கீழறைத் தூண்டலில், கரோனரி சைனஸ் என்னும் சிரை வழியாக மற்றொரு மின்கம்பி இடது கீழறையின் வெளிப்புறத்தை அடைகிறது. இது உயிரிழப்பையே குறைக்கிறது என்பதை 2005இல் வெளியான கேர்-எச்எஃப் ஆய்வு காட்டியது. இடது கற்றைக் கிளை அடைப்பும் (அதன் வழியே மின்துடிப்பு சரியாகச் செல்லாத நிலை), ஈசிஜியில் 150 மில்லிநொடிக்குக் குறையாத கியூஆர்எஸ் அகலமும் (கீழறைகள் முழுவதும் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம்), 35 சதவீதத்தைத் தாண்டாத வெளியேற்று வீதமும் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) உள்ளவர்களே மிகுந்த பயனடைகின்றனர். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைப்பதில்லை. சிலருக்குச் சிரையின் அமைப்பு இடம் கொடுக்காது. சிலருக்கு உதரவிதான நரம்பு தூண்டப்பட்டு விக்கல் போன்ற துடிப்பு வரும்.

இதயத்தின் சொந்த மின்பாதையையே பயன்படுத்தும் முறைகளில், மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஹிஸ் கற்றையைத் தூண்டுவது இயற்கைக்கு மிக நெருக்கமானது. எனினும் அதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால் பேட்டரி விரைவில் தீர்கிறது. கீழறைத் தடுப்புச் சுவருக்குள் மின்கம்பியை ஆழமாகத் திருகி வைத்துச் செய்யும் இடது கற்றைக் கிளைத் தூண்டலில் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை, கியூஆர்எஸ்ஸும் நன்கு குறுகுகிறது. இருந்தும், நீண்டகாலச் சான்று வலுவாக உள்ள இரு கீழறைத் தூண்டலையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அது இயலாதபோதோ பலன் தராதபோதோ, இடது கற்றைக் கிளைத் தூண்டலைத் தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.