ஆன்டிபயாட்டிக்கோடு புரோபயாட்டிக் சாஷே: எப்படிக் கொடுப்பது?

நாலு வயதுப் பையனுக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கியதும் பேதி. டாக்டர் எழுதிய புரோபயாட்டிக் (நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள்) சாஷேயைச் சேர்த்தே கொடுக்கலாமா, அது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாஷேயின் பின்பக்கம் பாருங்கள். லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்றிருந்தால் அது பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக்குக்கு அதுவும் இரைதான்; 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்றால் ஈஸ்ட். பாக்டீரியா மருந்து அதைத் தொடாது. இரண்டுக்குமே இந்தப் பேதியில் ஓரளவு நல்ல சான்று உண்டு, நாளைக்கு 500 கோடி உயிரணுக்களுக்குக் குறையாமல் போனால். ஆறிய தண்ணீரில் கலக்குங்கள். சூடான பாலில் கலந்தால் காசு வீண்.

எதிர்ப்புச் சக்தி 'கூடும்' என்பது விளம்பரப் பேச்சு. குடல் சுவருக்கு அடியில் நோயெதிர்ப்பு செல்கள் குவிந்திருக்கின்றன. அங்குள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் (காவல் செல்கள்) இந்த நுண்ணுயிரிகளின் மேலுறையை அடையாளம் கண்டு, எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்களுக்குச் சொல்கின்றன. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் சுரப்பும் அழற்சியின் அளவும் அதையொட்டி மாறலாம். அதாவது திருத்தம், பெருக்கம் அல்ல. எந்த ஸ்ட்ரெயின் (நுண்ணுயிரியின் உள்வகை) என்பதைப் பொறுத்தே விளைவு; ஒன்றின் பலனை இன்னொன்றின் தலையில் கட்ட முடியாது. சாஷேயை நிறுத்தினால் இந்த நுண்ணுயிரிகள் பெரும்பாலும் சில நாளில் குடலைவிட்டுப் போய்விடும்.

சாஷேயைவிட முக்கியம் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்): ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 100 முதல் 200 மில்லி, சிறுகச் சிறுக. ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவு, சோர்வு தெரிந்தால் உடனே காட்டுங்கள். பையனுக்குக் கீமோ, நீண்டகால ஸ்டீராய்டு, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் பொருத்திய குழாய்) ஏதேனும் இருந்தால் சாஷேயைப் பிரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அரிதாக இந்த நுண்ணுயிரிகள் ரத்தத்தில் கலந்து தொற்றாகும்.