கேர் ஹோம் பெரியவர்களின் பால்யக் கதை: ஓல்டாமுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்தில் ஓல்டாம் பக்கம் கேர் ஹோம், அதாவது முதியோர் பராமரிப்பு இல்ல வேலைக்கு வந்து சில மாதம் ஆகிறது, வேலை பிடிபட்டுவிட்டது, ஆனால் அங்கிருக்கும் பெரியவர்கள் சின்ன வயதுக் கதையை எடுத்தால் ஒன்றும் விளங்கவில்லை, தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன், அவர்களிடம் என்னதான் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்தப் பக்கம் நர்ஸாகப் பல வருஷமாக இருக்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வயதுக்காரர்கள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இப்போது எண்பதை ஒட்டி இருப்பவர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிறந்தவர்கள். போருக்குப் போன ஆண்கள் ஊர் திரும்பியதும் குழந்தைகள் நிறையப் பிறந்தார்கள், 1947-இல் அது உச்சத்தைத் தொட்டது. வெள்ளைக்காரர்கள், வசதியாக வளர்ந்திருப்பார்கள் என்றுதான் நாம் ஊரிலிருந்து வரும்போது நினைத்துக்கொண்டு வருகிறோம். அப்படி இல்லை. இவர்கள் ரேஷன் பிள்ளைகள், கூப்பன் இருந்தால்தான், அதுவும் அளவாகத்தான் பொருள் கிடைத்த காலம். போர் நடந்தபோதுகூட ரொட்டிக்கு ரேஷன் கிடையாது, போர் முடிந்த பிறகு 1946 முதல் 1948 வரை அதற்கும் வைத்தார்கள். மிட்டாய்க்கு இருந்த ரேஷனை 1949-இல் எடுத்துப் பார்த்தார்கள், கடைகள் துடைத்தமாதிரி காலியாகிவிட்டதால் சில மாதத்திலேயே மறுபடி கொண்டுவந்தார்கள், 1953 பிப்ரவரியில்தான் அது ஒரேயடியாகப் போனது. கடைசியாக இறைச்சிக்கு இருந்த ரேஷன் 1954 ஜூலையில் போனது. ஐந்தாறு வயதில் கூப்பன் இல்லாமல் கடைக்குப் போய் முதல் முதலாக மிட்டாய் வாங்கிய நாளைப் பற்றி ஒரு பாட்டி என்னிடம் சொன்னபோது, கண்ணாடி ஜாடிகள் எந்த வரிசையில் இருந்தன என்பது முதற்கொண்டு சொன்னார். காலையில் மாத்திரை போட்டாரா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை.

அதனால் "உங்கள் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ரொம்ப நல்லா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். ஒரு பொருளைப் பிடித்துக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துப் பால் எப்படி இருந்தது என்று கேட்டுப்பாருங்கள். 1946-இல் வந்த சட்டப்படி எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தினம் மூன்றில் ஒரு பைன்ட், அதாவது கிட்டத்தட்ட 190 மில்லி பால், குட்டிக் கண்ணாடி பாட்டிலில் இலவசம். குளிர்காலத்தில் உறைந்துபோய் மூடியை மேலே தள்ளிக்கொண்டு நிற்கும், வெயில் நாளில் வெதுவெதுப்பாகிக் குமட்டும், ஆனாலும் குடித்தே ஆகவேண்டும். வகுப்பில் பால் பாட்டில் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு கிடைத்தவர்களுக்கு அது இன்றைக்கும் பெருமை. 1971-இல் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை நிறுத்தியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் மார்கரெட் தாட்சர், அந்தக் கோபம் இந்த ஊரில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம், அவர்கள் எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடுகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இப்போது வாடகைக்கு இருப்பது மாதிரியான, வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள்தான். பல வீடுகளில் கழிப்பறை பின்கட்டில் தனியாக இருக்கும், உள்ளே ஆணியில் சதுரமாக வெட்டிய செய்தித்தாள் தொங்கும். குளியலறையே இல்லாத வீடுகளில் வாரம் ஒரு முறை தகரத் தொட்டியைக் கரியடுப்பு முன்னால் இழுத்துப்போட்டு, ஒரே தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பார்கள். இரவில் படுக்கையறை ஜன்னலின் உட்பக்கமே பனி பூத்திருக்கும். திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள், பஞ்சு மில் புகைபோக்கிகளிலிருந்து வரும் கரித்தூள் காயப்போட்ட துணியில் படியாமல் காப்பாற்றுவதே அம்மாக்களுக்குப் பெரிய வேலை.

வாசல் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வட்டாரமான லங்காஷயரின் பெண்கள் வாசற்படியைத் தேய்த்துக் கழுவி, அதன் விளிம்பில் டாங்கி ஸ்டோன் என்ற கல்லால் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பட்டையாகக் கோடு போடுவார்கள். படி அழுக்காக இருந்தால் தெருவே பேசும். அந்தக் கல்லைக் குதிரை வண்டியில் வருகிற பழந்துணிக்காரர் கொடுப்பார், பழைய துணிக்கு மாற்றாக. எங்கள் ஊரில் தினமும் விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவோம், பழைய இரும்பு போட்டால் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள் என்று நான் ஒரு தடவை சொன்னேன், அப்புறம் அந்த அறையில் மூன்று பேர் என்னை விடவே இல்லை.

காசுக் கணக்கும் அப்படித்தான். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட், 1971 பிப்ரவரி 15 வரை அதுதான் நடப்பு. நம் ஊரில் 1957 வரை ரூபாய்க்கு 16 அணா இருந்ததைச் சொல்லுங்கள், உங்கள் தாத்தா பாட்டி நாலணா எட்டணா என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மில்லைப் பற்றி இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது பள்ளியை விடும் வயது 15. பலர் நேராக மில்லுக்குப் போனார்கள். தறிக்கூடத்து இரைச்சலில் எதுவும் கேட்காது என்பதால் அங்கே வேலை செய்த பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொள்வார்கள். இன்று காது மந்தமான ஒரு பாட்டி உங்கள் வாயையே உற்றுப் பார்த்தால் காரணம் அதுவாக இருக்கலாம், அதனால் பின்னால் நின்றுகொண்டு சத்தமாகப் பேசாமல் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். என் அப்பா கோயம்புத்தூரில் மில் தொழிலாளி. ஓல்டாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ் என்ற கம்பெனி செய்த மில் இயந்திரங்கள் இந்திய மில்களுக்கும் போயின. அதைச் சொன்னால் இந்த ஊர்க்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடும்.

மில் ஊர்கள் ஒவ்வொன்றும் வருஷத்தில் ஒரு வாரம் மொத்தமாக மூடப்படும், தெருவோடு தெருவாக எல்லோரும் பிளாக்பூல் கடற்கரைக்கு ரயில் ஏறுவார்கள். பேச்சு எங்கும் போகாத நாளில் பிளாக்பூலைக் கேளுங்கள்.

எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். போரிலிருந்து திரும்பி வாயே திறக்காத அப்பாக்கள் இருந்தார்கள். பள்ளியில் பிரம்படி. தொற்றுக்காய்ச்சல் வந்த பிள்ளைகளைத் தனி மருத்துவமனையில் வாரக்கணக்கில் வைத்து, பெற்றோரை ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கவிட்டார்கள். அடுத்து எந்த வகைப் பள்ளி என்று முடிவு செய்ய 11 வயதில் எழுதிய ஒரு பரீட்சையில் தேறாததை இன்றும் மனசில் வைத்திருப்பவர்கள் உண்டு. குரல் தழுதழுத்தால் பேச்சை மாற்ற அவசரப்படாமல் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள், பிறகு மூத்த நர்ஸிடம் தெரிவியுங்கள். நம் நிறத்தைப் பற்றிச் சிலர் கூசுகிற மாதிரிப் பேசுவதும் நடக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் வேலையில் சேராது, மேலாளரிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஊர் நூலகத்தில் பழைய தெருக்களின் படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு படம் ஒரு மணி நேரப் பேச்சு தரும். பழைய காலத்து மிட்டாய்களும் இங்கே கடைகளில் இன்னும் கிடைக்கின்றன, ஆசையாக வாங்கிப்போவீர்கள். ஆனால் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவரவர் கேர் பிளானில், அதாவது பராமரிப்புக் குறிப்பில், சர்க்கரை நோய், விழுங்குவதில் சிரமம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கெட்டி மிட்டாய் தொண்டையில் சிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஜாடியைத் திறந்து வாசனை மட்டும் காட்டினாலே போதும், பேச ஆரம்பித்துவிடுவார்கள்.