சிஸ்டர் அக்காகிட்ட கேளுங்க: டைஃபாய்டு சீசனும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும்

மும்பைல மழை ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு வர்ற கடிதத்துல பாதிக்கு மேல ஒரே ஊசியைப் பத்திதான். மருந்து சீட்டுல மோனோசெஃப்னு எழுதியிருப்பாங்க, இல்ல வேற கம்பெனி பேர் இருக்கும், உள்ள இருக்கிறது செஃப்ட்ரையாக்சோன், கிருமியைக் கொல்ற ஆன்டிபயாடிக். 31 வருஷம் வார்டுல நின்னு ஆயிரக்கணக்குல கலக்கிப் போட்ட மருந்து, அதனால இந்த மாசம் பூரா இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி (தாராவி, 90 ஃபீட் ரோடு): சிஸ்டர் அக்கா, என் மருமகளுக்கு டைஃபாய்டு. முதல்ல பாத்த டாக்டர் காலைல ஒரு கிராம் ராத்திரி ஒரு கிராம்னு போட்டார். அப்புறம் மாத்தின நர்சிங் ஹோம்ல ஒரே வேளையா ரெண்டு கிராம். அதுவும் பாட்டில்ல 1.5 கிராம்னு போட்டிருக்கு. நாலு நாள் ஆச்சு, காய்ச்சல் இன்னும் விடல. யாரு சொல்றது சரி?

பதில்: அம்மா, ரெண்டு பேரும் சொல்றது ஒரே கணக்குதான், நாளுக்கு ரெண்டு கிராம். இந்த மருந்து உடம்புல ரொம்ப நேரம் தங்கும், போட்டு ஏழெட்டு மணி நேரம் ஆனாலும் பாதி மருந்து ரத்தத்துல இருக்கும், அதனாலதான் பெரும்பாலான நோய்க்கு ஒரு நாளைக்கு ஒரு தடவையே போதுங்கிறாங்க. பெரியவங்களுக்கு நோயைப் பொறுத்து ஒரு கிராம்லேர்ந்து ரெண்டு கிராம், மூளைக்காய்ச்சல்னா 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு ரெண்டு கிராமா நாலு கிராம் வரைக்கும் போவாங்க, அதுக்கு மேல கிடையாது. குழந்தைங்களுக்கு எடையைப் பாத்துதான், கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்னு கணக்குப் போடுவாங்க, அதனால பெரியவங்க பாட்டில்ல பாதியைக் குழந்தைக்குப் போடலாம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

1.5னு இருக்கிறது பெரும்பாலும் கூட்டு மருந்து. அதுல செஃப்ட்ரையாக்சோன் ஒரு கிராம்தான், மீதி அரை கிராம் சல்பாக்டம்னு வேற ஒண்ணு. பாட்டில் மேல பெருசா இருக்கிற நம்பரை மட்டும் பாத்துட்டு டோஸ் ஏறிடுச்சு இறங்கிடுச்சுன்னு பயந்துடாதீங்க, கீழ சின்ன எழுத்துல எது எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. டைஃபாய்டுக்கு பொதுவா வெறும் செஃப்ட்ரையாக்சோனே போதும், கூட்டு மருந்து எதுக்குன்னு டாக்டர்கிட்ட கேக்கறதுல தப்பே இல்ல.

காய்ச்சல் விஷயம், டைஃபாய்டு மெதுவாத்தான் இறங்கும், சரியான மருந்து போட்டாலும் நாலஞ்சு நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரமும் ஆகும். காய்ச்சல் தினம் கொஞ்சம் கொஞ்சமா குறையுதா, சாப்பிட முடியுதா, தெளிவா பேசறாளா, இதப் பாருங்க. ஒரு வாரம் தாண்டியும் அப்படியே நின்னா, இல்ல வயிறு கல்லு மாதிரி இறுகினா, மலம் கறுப்பா போனா உடனே போங்க. ரத்தம் எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினாங்களான்னும் கேளுங்க, ஏன்னா பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்துல 2016லேர்ந்து இந்த ஊசிக்கே அசையாத டைஃபாய்டு பரவினது, எந்த மருந்துக்கு கிருமி சாகும்னு கல்ச்சர்தான் சொல்லும். காய்ச்சல் விட்டதும் ஊசியை நிறுத்தாதீங்க, 10லேர்ந்து 14 நாள் வரைக்கும் டாக்டர் சொன்ன கோர்ஸை முடிக்கணும்.

கேள்வி (ஆண்டாப் ஹில்): தண்ணி ஊத்திக் கலக்கினதும் மஞ்சளா ஆயிடுச்சு, கெட்டுப்போன மருந்தா?

பதில்: இல்ல, அதோட கலரே அதுதான், வெளிர் மஞ்சள்லேர்ந்து தேன் கலர் வரைக்கும் இருக்கும். கலங்கலா இருந்தாலோ கட்டி மிதந்தாலோதான் போடக்கூடாது. காலைல கலக்கினதை சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கிற பழக்கமும் வேண்டாம், அப்பப்ப புதுசா கலக்கணும்.

கேள்வி (சயான் கோலிவாடா): அக்கா, தினம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வச்சுப் போக முடியல. எங்க சால்ல (வரிசையா ஒண்டிக்குடித்தனம் இருக்கிற கட்டடம்) ஒருத்தர் கம்பவுண்டரா இருந்தவர், வீட்டுக்கே வந்து போடறேங்கிறார். மெடிக்கல்ல ஊசியும் கிடைக்குது. டெஸ்ட் டோஸ் போட்டு பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல. போட்டுக்கலாமா?

பதில்: தங்கச்சி, உன் கஷ்டம் புரியுது, ஒரு நாள் கூலியை விட்டுட்டு ஆட்டோவுக்கும் குடுக்கணும்னா யாருக்குத்தான் கஷ்டமா இருக்காது. ஆனா இதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன், ஏன்னு சொல்றேன் கேளு.

தோல்ல சொட்டு விட்டுப் பாக்கிற டெஸ்ட் டோஸை நம்பி ஒண்ணுமே செய்ய முடியாது. அதுல ஒண்ணும் வரலைன்னாலும் முழு டோஸ்ல அலர்ஜி வரலாம், மூணு நாள் நல்லா ஏத்துக்கிட்ட உடம்பு நாலாவது நாள் ஏத்துக்காமலும் போகலாம். உள்ளங்கை அரிக்கும், முகம் வீங்கும், தொண்டை அடைக்கும், பிரஷர் இறங்கி ஆள் மயங்கிடும், இதெல்லாம் சில நிமிஷத்துல நடக்கிற விஷயம். அப்ப காப்பாத்தறது அட்ரினலின், தொடைச் சதையில உடனே போடணும், ஆக்சிஜன் வேணும், டிரிப் வேணும். சால்ல மூணாவது மாடில இதெல்லாம் எங்கேர்ந்து வரும், 108க்கு போன் பண்ணி வண்டி அந்த சந்துக்குள்ள வர்றதுக்குள்ள என்ன ஆகும்? ஊசி போட்டப்புறம் அரை மணி நேரம் உக்காரச் சொல்றது இதுக்காகத்தான், அவசரமா கிளம்பிடாத.

இன்னொன்னு, சதையில போடற பாக்கெட்டுல லிக்னோகெய்ன்னு மரத்துப்போற மருந்து கலந்த தண்ணி வரும், வலி தெரியாம இருக்க. அந்தத் தண்ணில கலக்கினதை நரம்புல ஏத்தவே கூடாது, ஃபிட்ஸ் வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். நரம்புல போட வெறும் ஸ்டெரைல் வாட்டர்தான், ஒரு கிராமுக்கு 10 மில்லி, அதையும் ரெண்டு மூணு நிமிஷம் எடுத்து மெதுவா தள்ளணும், ரெண்டு கிராம்னா சலைன்ல சேத்து அரை மணி நேரம் ஓடவிடறதுதான் நல்லது. தெரியாத கையில இத்தனை இடத்துல தப்பு நடக்கலாம்.

மெடிக்கல்ல சீட்டு இல்லாம குடுக்கறதும் சட்டப்படி தப்பு. 2014லேர்ந்து இது ஹெச்1 அட்டவணை மருந்து, கடைக்காரர் தனி ரெஜிஸ்டர்ல வாங்கறவங்க பேர், டாக்டர் பேர் எல்லாம் எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். உனக்கு வழி இருக்கு, டாக்டர்கிட்ட நேரா கேளு, காய்ச்சல் விட்டு வாய்வழியா சாப்பிட முடிஞ்சா மாத்திரைக்கு மாத்த முடியுமா, இல்ல தினம் ஒரே வேளை போட்டுட்டு வீட்டுக்கு வர்ற மாதிரி பக்கத்துல டேகேர் இருக்கான்னு. நிறைய பேருக்கு மாத்திக் குடுப்பாங்க, நாம கேக்கறதே இல்ல.

கேள்வி (முலுண்ட்): பேத்தி பிறந்து 12 நாள். காய்ச்சல்னு சேத்தோம், கொஞ்சம் மஞ்சளாவும் இருந்தா. பக்கத்து வார்டு பையனுக்கு செஃப்ட்ரையாக்சோன் போடறாங்க, எங்க குழந்தைக்கு செஃபோடாக்சிம்னு வேற ஆன்டிபயாடிக். மட்டமான மருந்தா போட்டுட்டாங்களோன்னு என் பொண்ணு அழறா.

பதில்: உங்க பொண்ணுகிட்ட முதல்ல இதப் படிச்சுக் காட்டுங்க, அந்த டாக்டர் ரொம்ப சரியாத்தான் செஞ்சிருக்கார். பச்சைக் குழந்தை ரத்தத்துல மஞ்சள் நிறப் பொருள், பிலிருபின், ஆல்புமின்ங்கிற புரதத்து மேல உக்காந்து போகும். செஃப்ட்ரையாக்சோனும் அதே சீட்டுக்குத்தான் வரும், நம்ம லோக்கல் ரயில்ல தாதர்ல ஏறுற கூட்டம் மாதிரி உக்காந்திருக்கிறதைக் கிளப்பிவிட்டுடும். சீட்டு போன பிலிருபின் மூளைக்குப் போனா நிரந்தரமா பாதிப்பு வரும். அதனால மஞ்சள் காமாலை இருக்கிற பச்சைக் குழந்தைக்கு இது வேண்டாம்.

ரெண்டாவது ஆபத்து கால்சியம். இந்த மருந்தும் கால்சியமும் சேந்தா திரிஞ்சு கட்டியாயிடும். பிறந்த குழந்தைங்க சிலர் நுரையீரல்லயும் கிட்னிலயும் இந்தக் கட்டி படிஞ்சு இறந்துபோனதைப் பாத்துட்டுத்தான் 2007ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை குடுத்தது. 28 நாளைக்குள்ள இருக்கிற குழந்தைக்கு நரம்புல கால்சியம் போகுதுன்னா, போகப்போகுதுன்னாலும், செஃப்ட்ரையாக்சோன் கூடவே கூடாது, வேற கையில வேற லைன்லன்னாலும் கூடாது. பெரியவங்களுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்ல, லைனை சலைன் விட்டு நல்லா கழுவிட்டு ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணு போடலாம், ஒரே நேரத்துல ஒரே டியூப்ல மட்டும் கூடாது.

இதுல நாங்க வார்டுல பயப்படறது ஆர்எல் பாட்டிலுக்குத்தான், ரிங்கர் லாக்டேட். குளுக்கோஸ், சலைன் மாதிரியே தொங்கும், ஆனா அதுல கால்சியம் இருக்கு. ஒரு நைட் ட்யூட்டில புதுசா சேந்த பொண்ணு ஆர்எல் ஓடிட்டிருக்கிற லைன்லயே இந்த ஊசியைத் தள்ள ஆரம்பிச்சுட்டா, டியூப்ல அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெள்ளையா ஓடறதைப் பாத்து நான் ஓடிப்போய் டியூபை மடக்கிப் பிடிச்சு கையில குத்தியிருந்த கேனுலா ஊசிக்குழாயையே கழட்டிட்டேன். நல்லவேளை உள்ள போகல. அந்த அம்மா தூங்கிட்டிருந்தாங்க, அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, எனக்கு அந்த டியூப் இன்னும் கண்ணுல நிக்குது. உங்க வீட்டு ஆளுக்கு டிரிப் ஓடும்போது இந்த ஊசி போட வந்தா, "சிஸ்டர், தொங்கறது ஆர்எல்லா?"ன்னு கேளுங்க, நல்ல சிஸ்டர் கோவிச்சுக்க மாட்டா.

கேள்வி (செம்பூர்): அப்பாவுக்கு டயாலிசிஸ். கிட்னி போனவருக்கு இத முழு டோஸா போடறாங்களே?

பதில்: இந்த மருந்து பாதி மூத்திரத்துல, பாதி பித்தத்துல போகும், ஒரு கதவு மூடினா இன்னொண்ணு வழியா போயிடும். ஈரல் நல்லா இருந்தா கிட்னிக்காக மட்டும் டோஸைக் குறைக்க வேண்டியதில்ல, ரெண்டும் கெட்டிருந்தா நாளுக்கு ரெண்டு கிராம் தாண்டக்கூடாது. டயாலிசிஸ்ல இது வெளிய போகாது, அதனால முடிஞ்சப்புறம் எக்ஸ்ட்ரா டோஸும் வேண்டாம். ஆனா ஒண்ணு கவனிங்க, கிட்னி நோயாளிங்களுக்கு சில சமயம் இது மூளையைக் குழப்பும், திடீர்னு சம்பந்தமில்லாம பேசுவார், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். காய்ச்சல்ல உளறுறார்னு விட்டுடாம அன்னிக்கே சொல்லுங்க, மருந்தை நிறுத்தினா பெரும்பாலும் தெளிஞ்சிடும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவரா இருந்தா, ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையுதுன்னு பாக்கிற ஐஎன்ஆர் டெஸ்டும் அடிக்கடி பாக்கணும், ரத்தம் அதிகமா இளகிடும்.

கேள்வி (மாட்டுங்கா): ஊசி பத்து நாள் போட்டப்புறம் வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்தோம், பித்தப்பைல கல்லுங்கிறாங்க. ஆபரேஷன் பண்ணணுமாம்.

பதில்: அவசரப்படாதீங்க. இந்த மருந்து பித்தத்துல போய் கால்சியத்தோட சேந்து படியும், ஸ்கேன்ல கல்லு மாதிரியே தெரியும், மருந்தை நிறுத்தினா தானா கரைஞ்சிடும். ஸ்கேன் பண்ணவருக்கு நீங்க பத்து நாள் இந்த ஊசி போட்டது தெரிஞ்சிருக்காது. பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு சர்ஜன் கையில குடுங்க, சில வாரம் கழிச்சு திரும்ப ஸ்கேன் பாக்கலாமான்னு கேளுங்க. காய்ச்சல், விடாத வலி, கண்ணு மஞ்சள் இருந்தா மட்டும் அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே போய் காட்டிடுங்க.