தொற்றுநோய் பரவும்போது மருத்துவமனையில் பேரிடர் ஒத்திகை நடத்தலாமா, தள்ளிப்போட வேண்டுமா?

தள்ளிப்போடக் கூடாது. கடலூரில் உட்கார்ந்துகொண்டு வேறு பதில் சொல்ல முடியாது. கொரோனா ஆண்டான 2020-லேயே ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறியது.

ஆனால் பழைய மாதிரி மாக் டிரில் வேண்டாம். நர்சிங் மாணவிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி, கேஷுவால்ட்டி வாசலில் வரிசையாகப் படுக்கவைத்து, சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதெல்லாம் தொற்றை நாமே கூப்பிட்டுப் பரிமாறுவது. (போட்டோவுக்காக நடத்தும் ஒத்திகை எந்தக் காலத்திலும் தண்டம்தான் என்பேன்.)

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பர்வைசர். எங்கள் வழக்கம் இது: ஷிப்டு மாறும் நேரத்தில் நாலைந்து பேர் மட்டும், மாஸ்க்கோடு, ஜன்னல் திறந்த அறையில் கூடுவோம். மேஜையில் கட்டடத்தின் வரைபடம், பக்கத்தில் துண்டுச் சீட்டுகள். ஒரு சீட்டில் இப்படி இருக்கும்: 'ஓடு விழுந்து தலையில் ரத்தம் கொட்டுகிறது, மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல்.' டிரையேஜ்படி, அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று நிறம் குறித்துப் பிரிக்கும் முறைப்படி, அவர் சிவப்பு, உடனே உள்ளே. தொற்றுத் தடுப்பு விதிப்படி காய்ச்சல்காரருக்குத் தனி வழி. இரண்டு விதியும் முட்டிக்கொள்ளும் இந்த இடத்தைத்தான் ஒத்திகை பார்க்க வேண்டும். நாங்கள் எடுத்த முடிவு: ரத்தம் நிற்பது முதலில். வருகிற எல்லாருக்கும் தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு கவசத்தோடு தொடு, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காதே.

சிலவற்றைக் கையால் செய்துதான் பார்க்க வேண்டும். பி.பி.இ என்கிற பாதுகாப்புக் கவச உடை போட எவ்வளவு நேரமாகிறது என்று காலாவதியான கிட்டை வைத்துப் பாருங்கள். கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம், பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்கட்டும். கரன்ட் போய் வென்டிலேட்டரும் நின்றுவிட்டால் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் யார் கையில் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

தீயை விட்டுவிடாதீர்கள். 2020 ஆகஸ்டில் அகமதாபாத்திலும் விஜயவாடாவிலும் கொரோனா நோயாளிகள் இருந்த கட்டடங்களில் தீப்பிடித்து உயிர்கள் போயின. ஆக்சிஜன் கசிந்து நிறைந்த வார்டில் சிறு பொறியும் வேகமாகப் பற்றும். ஒத்திகைக்காக நிஜ நோயாளியை நகர்த்த வேண்டாம். ஸ்ட்ரெச்சரில் மணல் மூட்டையும் சிலிண்டரும் வைத்து, கவசம் போட்டவர்களையே படியில் இறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மங்கிப் படியே தெரியாது, முன்னால் ஒருவர் குரல் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் புரியும். தனிமை வார்டின் பின்கதவு அநேகமாகப் பூட்டியிருக்கும், சாவி ராத்திரி வாட்ச்மேனிடம் இருக்கும். அவரையும் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள்.