தோல் வேலைக்கான கத்தியை நாமே கையால் செய்துகொள்ள முடியுமா? எந்த இரும்பு சரிவரும்?

தாராளமாக முடியும். ஆனால் உலை, சம்மட்டி என்று ஆரம்பிக்காதீர்கள். பெல்ட்டும் பர்ஸும் தைக்கத் தொடங்கியிருப்பதாகவும், தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவ ஒரு கத்தி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இரும்பைக் காய்ச்சி அடிக்கவே வேண்டாம். ஏற்கெனவே தோய்ச்சல் ஏறிய, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய எஃகை எடுத்து, அந்தப் பதம் கெடாமல் தேய்த்துக் கூராக்கினால் போதும்.

என் முதல் சிபாரிசு பவர் ஹேக்ஸா பிளேடு. கையால் அறுக்கும் மெல்லிய பிளேடு அல்ல. பட்டறையில் மெஷினில் மாட்டி இரும்புக் கம்பி அறுப்பார்களே, அந்த அகலமான பிளேடு. தேய்ந்துபோனதைத் தூக்கித்தான் போடுவார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பைமெட்டல் வகையைத் தவிர்க்கவும். அதில் பல் மட்டும்தான் ஹைஸ்பீடு ஸ்டீல் எனும் சூடு தாங்கும் எஃகு, முதுகுப் பக்கம் வேறு எஃகு. முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீலாக இருந்தால் தேய்க்கும்போது கொஞ்சம் சூடேறினாலும் கவலையில்லை. 500 டிகிரி செல்சியஸ் வரை பதம் இறங்காது.

பழைய அரமும் நல்ல எஃகுதான். 1 சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் இருக்கும். ஆனால் அது கண்ணாடி மாதிரி உடையும், அதனால் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வீட்டு ஓவனில் வைத்து ஆறவிட்டு, இன்னொரு முறையும் அதேபோல் செய்யுங்கள். மட்டமான அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக இருக்கும். கொஞ்சம் தேய்த்த இடத்தில் இன்னொரு நல்ல அரத்தை உரசிப் பாருங்கள். வழுக்கினால் சரி, கடித்தால் அதை விட்டுவிடுங்கள். அரத்தின் பற்களையும் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பள்ளம் மிச்சமிருந்தால் கூர்முனை அந்த இடத்தில்தான் சிதறும்.

பிளேடை வைஸில் இறுக்கி, துணி சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒடியுங்கள். துண்டு பறக்கும்.

வடிவம் உங்கள் இஷ்டம். நுனியைச் சாய்வாக வைப்பதென்றால் வலது கைக்காரருக்கு ஒரு பக்கம், இடது கைக்காரருக்கு அதன் நேரெதிர். கூர்முனையை ஒரு பக்கம் மட்டும் சரிவாக எடுத்து, மறுபக்கத்தைத் தட்டையாக விடுங்கள். சரிவு 15 டிகிரி போதும். பிளேடு 2 மி.மீ. கனம் என்றால் அந்தச் சரிவு ஏழரை மி.மீ. அகலம் வரும், அளந்து கோடு போட்டுக்கொண்டால் கோணமானி தேவையில்லை. கிரைண்டர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பழைய அரத்தைக் கத்தியாக்குகிறீர்கள் என்றால், இரண்டு தொடுதலுக்கு ஒரு முறை தண்ணீரில் முக்குங்கள். விரலால் பிடிக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். நுனியில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம், அதைத் தாண்டித் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. கிரைண்டர் இல்லையா? வைரத்தூள் பதித்த முரட்டுத் தீட்டும் தகடு போதும், தோள் மட்டும் வலிக்கும்.

பலரும் அவசரப்படும் இடம் தட்டையான பக்கம்தான். சீவும்போது தோல்மேல் படிந்து போவது அதுதான். கண்ணாடித் துண்டின் மேல் ஈரச் சாணைத்தாளை ஒட்டி, நுனியை ஒட்டிய ஓர் அங்குலத்தையாவது முகம் தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். முழு பிளேடையும் பளபளப்பாக்குவது வீண் வேலை. அப்புறம் சரிவுப் பக்கத்தைத் தேய்த்தால் மறுபக்கம் ஒரு பிசிறு எழும். விரலை நுனிக்கு வெளிப்புறமாக இழுத்தால் தட்டுப்படும். நுனி நெடுகப் பிசிறு எழாமல் அடுத்த, இன்னும் நயமான சாணைத்தாளுக்குப் போகாதீர்கள்.

கடைசியில் ஸ்ட்ராப், அதாவது கத்தியைத் தீட்டி முடிக்கும் தோல் பலகை. மெல்லிய தோலைப் பலகையில் ஒட்டி, பச்சை குரோமியம் ஆக்சைடு பசை தடவி, கத்தியைப் பின்னோக்கி இழுங்கள். தடித்த, மெத்தென்ற தோல் வேண்டாம். அழுந்தி, கூர்முனையை உருட்டிவிடும்.

முடியைச் சிரைத்துப் பார்ப்பதெல்லாம் வேடிக்கைக்கு. உண்மையான சோதனைக்கு, விலங்கின் வயிற்றுப் பகுதித் தோல் துண்டை எடுங்கள். அது தொளதொளவென்று இழுபடும். அதன் ஓரத்தைக் காகித கனத்துக்குச் சீவும்போது தோல் சுருங்கி முன்னே ஓடினால், திரும்பவும் சாணைத்தாளுக்குப் போங்கள்.

பிடிக்கு ஓட்டை போட நினைக்காதீர்கள். இந்த எஃகில் சாதாரண டிரில் பிட் ஏறாது. பசை தடவி மெல்லிய தோல் பட்டையை இறுக்கிச் சுற்றினால் அதுவே நல்ல பிடி. அரத்தில் செய்த கத்தி என்றால், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். தாவரப் பதத் தோலில் (மரப்பட்டை போன்றவற்றால் பதப்படுத்திய தோலில்) உள்ள டானின் எனும் துவர்ப்புப் பொருள் பட்டால் கருத்துப்போகும்.

அரைவட்டக் கத்தி ஆசை பிறகு வரும். ரெக்மிரே என்ற எகிப்திய அமைச்சரின் கி.மு. 15-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஓவியத்திலேயே அது இருக்கிறது. அதற்கு அகலத் தகடு வேண்டும், வளைவு முழுக்க ஒரே கோணம் பிடிக்க வேண்டும். முதல் கத்தியைப் பலமுறை தீட்டிக் கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.