கள்ளத்தொடர்பு என்று பழி சுமத்தினால் அவதூறு வழக்குத் தொடரலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். உடன் வேலை பார்ப்பவரோடு எனக்குத் தொடர்பு இருப்பதாக என் ஓரகத்தி குழாயடியில் பேசியதோடு, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் குரல் பதிவு போட்டுவிட்டார். காவல் நிலையத்தில் கேட்டால், ‘கோர்ட்டுக்குப் போங்கம்மா’ என்கிறார்கள். இது அவதூறு ஆகாதா?

பதில்: ஆகும். திருமணத்துக்கு வெளியேயான உறவு குற்றமல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், அப்படி ஒருவரைச் சொல்வதிலும் தவறில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு; அது பொருந்தாத வாதம். சொல்லப்பட்ட செயல் குற்றமா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் நற்பெயர் கெடும் என்று தெரிந்தே அதை மூன்றாம் நபரின் காதில் போட்டாரா என்பதையே இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500) பார்க்கிறது. உங்களிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால் அவதூறு ஆகாது. உறவினர்கள் மட்டுமே இருக்கும் குழுவில் சொன்னாலும் ஆகும்.

‘குடும்ப நன்மைக்காகத்தான் சொன்னேன்’ என்று அவர் தப்பிக்கப் பார்க்கலாம். நல்லெண்ணத்துக்கு விதிவிலக்கு உண்டு என்றாலும், தக்க கவனத்தோடு விசாரித்த பிறகே சொன்னதாகக் காட்டும் பொறுப்பு அவருடையது; குழாயடிப் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். குற்ற வழக்கில், சொன்னது உண்மை என்பது மட்டுமே போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இழப்பீடு கேட்கும் உரிமையியல் (சிவில்) வழக்கிலோ, உண்மை என்று நிரூபித்தாலே அவர் தப்பிவிடலாம்.

காவல் நிலையத்தில் சொன்னதில் தவறில்லை. அவதூறு, நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாத குற்றம் என்பதால், பாதிக்கப்பட்ட நீங்களே நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அபராதம், இரண்டும், அல்லது சமூக சேவை. பெண்ணின் ஒழுக்கத்தைப் பழிக்கும் வாய்ப்பேச்சுக்கு, பண இழப்பைக் காட்டாமலே இழப்பீடு கேட்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1880-களிலேயே ஏற்றுக்கொண்டது.

குழாயடியில் கேட்டவர்கள் சாட்சி சொல்லக் கூண்டேறத் தயங்குவார்கள். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தாக வேண்டுமே. ஆகவே குரல் பதிவுதான் உங்கள் பலம். அது இருக்கும் கைபேசியை மாற்றாமல், பதிவை அழிக்காமல் வையுங்கள். மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். எழுத்தில் மன்னிப்புக் கேட்டு அவர் பதிவை நீக்கினால், அதோடு முடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் குற்றப் புகாருக்கு மூன்றாண்டு அவகாசம் இருந்தாலும், இழப்பீட்டு வழக்குக்கு ஓராண்டுதான். சமரசப் பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நீளாது.