நான்கு வயதுக் குழந்தையின் பால் பற்களில் எனாமல் (பல்லின் கடினமான மேல்படலம்) வலுவிழந்திருக்கிறது என்கிறார்கள். ஃப்ளோரைடு மவுத்வாஷ் கொடுத்தால் சரியாகுமா?

நான்கு வயதில் வேண்டாம். நானும் இதே கேள்வியோடு பாட்டிலும் கையுமாகப் பல் மருத்துவரிடம் போய் நின்றவள்தான்.

எங்களுக்குத் தருமபுரிப் பக்கம். மகனுக்கு அப்போது நான்கு வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டுகள். இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவான். "விழப்போற பல்லுதானே" என்றார் மாமியார். கணவர் கடைக்குப் போய் ஃப்ளோரைடு மவுத்வாஷ் வாங்கி வந்தார்.

மருத்துவர் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தம்ளரில் வெறும் தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னார். பையன் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சட்டையில் வழியவிட்டான். "இதனால்தான் ஆறு வயதுக்கு முன்னால் தருவதில்லை" என்றார்.

கணக்கைப் பார்த்தால் புரியும். தினமும் பயன்படுத்தும் மவுத்வாஷில் பெரும்பாலும் 0.05 சதவீதம் சோடியம் ஃப்ளோரைடு இருக்கும். அதில் 10 மில்லியை விழுங்கினால் 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஃப்ளோரைடு வயிற்றுக்குள் போகிறது. 1000 பிபிஎம் பேஸ்ட்டை (ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு) ஒரு பட்டாணி அளவு எடுத்து, அதை முழுக்க விழுங்கினாலும் சுமார் 0.25 மில்லிகிராம்தான். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம். அந்த வயதில் தாடைக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. தினமும் கூடுதல் ஃப்ளோரைடு உள்ளே போனால் அவற்றில் திட்டு விழலாம்.

அடுத்து அவர் கேட்டது: "என்ன தண்ணீர் குடிக்கிறான்?" இந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் கேட்டார் என்று உடனே புரிந்துவிடும். என் அம்மாவின் பற்களில் பழுப்புக் கறை உண்டு, சிறுவயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரின் உபயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்கே நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு பிரச்சினைக்காக வந்ததுதான். எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீர், ஆனால் பகல் முழுவதும் பையன் இருந்தது அம்மா வீட்டில், போர் தண்ணீரில். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்பது உச்ச வரம்பு, எங்களுடையது அதையும் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து அவனுக்கு அங்கேயும் காவிரித் தண்ணீர், குடத்தில்.

சரி, அப்போது வெள்ளைத் திட்டுக்கு என்ன செய்வது? சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் விடும் அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தைக் கரைக்கிறது. பால் பல்லின் எனாமல் மெலிது, அதனால் சீக்கிரம் ஓட்டை விழும். ஓட்டை விழாதவரை, எச்சிலில் இருக்கும் கால்சியம் திரும்ப ஏறும், ஃப்ளோரைடு அதற்குக் கைகொடுக்கும். விழுந்துவிட்டால் எந்தத் திரவமும் அடைக்காது. முன்பற்களுக்கு ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்லில் ஒட்டிக்கொள்ளும் பூச்சு) பூசினார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒட்டலாக இருக்கும், இரண்டு நிமிட வேலை. அதே வாயில் கடைவாய்ப் பல் ஒன்று ஏற்கெனவே சொத்தை, அதை அடைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது என்று மருத்துவர் சொன்னபோதுதான் மாமியார் வாயடைத்துப் போனார்.

வீட்டில் செய்தது: ஃப்ளோரைடு பேஸ்ட், மூன்று வயதுக்கு மேல் என்பதால் பட்டாணி அளவு, இரவும் காலையும் நானே தேய்த்துவிட்டேன். தேய்த்தபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசக் கூடாது. ட்யூபில் ஃப்ளோரைடு அளவைப் பார்த்து வாங்குங்கள், குழந்தைகளுக்கென்று விற்பவற்றில் சிலவற்றில் துளியும் இருக்காது. புட்டியை நிறுத்த மூன்று வாரம் அழுகை. உண்மையில் அதுதான் கஷ்டமான சிகிச்சை.

இன்னொன்று, மருந்துக் கடையில் வெறுமனே "மவுத்வாஷ்" என்று கேட்டால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது ஈறுக்கு, தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் கறையும் பிடிக்கும்.

இப்போது அவனுக்கு ஏழு வயது. ஒழுங்காகத் துப்புகிறான், ஆனால் புதிய சொத்தை இல்லாததால் மவுத்வாஷ் தேவையில்லை என்றுவிட்டார் மருத்துவர். புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டிலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள், அந்தப் போர் தண்ணீரின் மிச்சம். அன்று வாங்கிய பாட்டிலைக் கணவரே கொப்பளித்துத் தீர்த்தார்.